சிங்க் மாற்றுவது எப்படி: நம் ஊர் கல்லுக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஏற்ற முறை

கிச்சன் சிங்க் மாற்றுவது என்றாலே பிளம்பரையும் கொத்தனாரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டிய பெரிய வேலை என்று நம் பக்கம் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து வேலை பார்க்க முடிந்தால் போதும், பெரும்பாலான வீடுகளில் நாமே மாற்றிவிடலாம். ஆனால் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இறங்காதீர்கள். அங்கே மரக் கேபினட் மேல் லேசாக உட்கார்ந்திருக்கும் சிங்க், நான்கு கிளிப்பைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் செங்கல் சுவர் மேல் கிரானைட்டோ கடப்பாக் கல்லோ போட்டு, சிங்க்கைச் சிமெண்ட் வைத்துப் புதைத்திருப்பார்கள், குழாயில் வருவது உப்புத் தண்ணீர், கழிவுத் தண்ணீர் சுவரைத் துளைத்து நேராக வெளியே போகும். வேலையின் கஷ்டமும் சூட்சுமமும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எதை மாட்டினாலும் திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி மாட்டுங்கள். நம் போர் தண்ணீரில் உப்பு படிந்து வாஷர் விறைத்துப் போகும், ஆங்கிள் காக் (சுவரிலிருந்து ஹோஸுக்குத் தண்ணீரைத் திறந்து மூடுகிற சின்னக் குழாய்) இறுகிக்கொள்ளும், வேஸ்ட் பைப்புக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து அடைக்கும், ஆகவே சில வருடத்தில் எப்படியும் அந்த இடத்தைத் திறந்தாக வேண்டும். "இனிமே ஒழுகவே ஒழுகாது" என்று எம்-சீலும் சிமெண்டும் பூசி மூடிய மூட்டுதான் பிறகு கல்லை உடைக்க வைக்கிறது.

முதலில், சிங்க்கையே மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்லி மாற்றுகிற பல சிங்க்குகளில் சிங்க்குக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, கப்ளிங் (சிங்க் ஓட்டையையும் வேஸ்ட் பைப்பையும் இணைக்கிற பாகம்) வாஷர்தான் போயிருக்கும். சோதிப்பது சுலபம். மேலும் கீழும் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஜாலியை எடுத்துவிட்டு, ஓட்டையைத் துணி சுற்றிய மூடியால் அடைத்து, பாதி அளவு தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். பேப்பர் நனைந்தால் கப்ளிங் சேருகிற வளையத்தையோ, சிங்க் உடம்பையோ சந்தேகப்படலாம். நனையாமல் இருந்து, அடைப்பை எடுத்துத் தண்ணீர் இறங்கும்போது மட்டும் நனைந்தால் கோளாறு வேஸ்ட் பைப்பில். தொட்டியில் ஒன்றுமே இல்லாதபோதும் சொட்டினால் குழாய்க்கு வருகிற ஹோஸைப் பாருங்கள். கப்ளிங்கைச் சுற்றி அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே ரொம்ப நாளாகக் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் கப்ளிங்கை மட்டும் மாற்றுங்கள், சிங்க்கை விடுங்கள். சிங்க்கின் தகட்டிலேயே ஊசி முனை அளவு ஓட்டை, அடியில் துரு, விளிம்பு தூக்கிக்கொண்டு கல்லுக்கும் சிங்க்குக்கும் நடுவே கரப்பான் குடியேறியிருப்பது, இதெல்லாம் இருந்தால்தான் புதுசு.

வாங்குவதற்கு முன்னால் அளவு. இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கடையில் போய் "இருபத்திநாலுக்குப் பதினெட்டு" என்று சொன்னால் அவர்கள் பாட்டுக்கு எடுத்துக் கொடுப்பார்கள், அது சிங்க்கின் வெளி விளிம்பு அளவு. உங்களுக்கு வேண்டியது கல்லில் இருக்கிற ஓட்டையின் அளவு. மேலே இருந்து பார்த்தால் விளிம்பு மறைக்கும், அதனால் கீழே தலையை விட்டு, தொட்டியின் இரு பக்கமும் கல் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்து டேப் வைத்து அளக்க வேண்டும். சிமெண்ட் பூசி மறைத்திருந்தால் ஓரிடத்தில் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் பாருங்கள். கல் ஓட்டை புதுச் சிங்க்கின் தொட்டியைவிடப் பெரிதாகவும், அதன் விளிம்பைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். மேலே இருந்து மாட்டுகிற வகைக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது விளிம்பு கல் மேல் உட்கார்ந்தால்தான் நிம்மதி. மூலைகளையும் கவனியுங்கள். பழைய சிங்க்கின் மூலை வளைவாக இருந்து, கல்லையும் அதே வளைவில் வெட்டியிருந்தால், இப்போது வருகிற சதுர மூலைச் சிங்க் உள்ளே இறங்காது.

இரண்டாவது அளவு ஆழம். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் மாட்டி முடித்த பிறகு தண்ணீர் தேங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய சிங்க் எட்டு அங்குல ஆழம் இருக்கும். பெரிய குக்கர், தோசைக்கல் கழுவ வசதி என்று பத்து அங்குலம் வாங்குவீர்கள். கப்ளிங்கின் வாய் இரண்டு அங்குலம் கீழே போய்விடும். ஆனால் கழிவு வெளியே போகிற சுவர் ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லின் மேல்மட்டத்திலிருந்து சுவரில் இருக்கிற பைப் வாய் வரைக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பத்து அங்குலச் சிங்க்கில் கப்ளிங்கின் கழுத்தையும் சேர்த்தால் பதின்மூன்று, பதினான்கு அங்குலம் ஆகிவிடும், அதற்குக் கீழே டிராப்புக்கு, அதாவது நாற்றம் ஏறாமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பாகத்துக்கு, வேறு இடம் வேண்டும். சுவர் ஓட்டை அதைவிட மேலே இருந்தால் ஒன்று ஆழம் குறைந்த சிங்க் வாங்குங்கள், இல்லாவிட்டால் சுவரைத் துளைத்து ஓட்டையைக் கீழே இறக்குங்கள். பைப்பை மேல்நோக்கி வளைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மேலே ஏறாது, சோறும் பருப்பும் அங்கேயே நின்று நாறும்.

சரி, கடைக்கு வருவோம். எவர்சில்வர் சிங்க்கில் கிரேடும் கனமும்தான் முக்கியம். 304 கிரேடு என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்தது. 202 கிரேடில் நிக்கல் குறைவு, அதை மாங்கனீஸ் போட்டு ஈடு கட்டியிருப்பார்கள், விலையும் குறைவு. நல்ல தண்ணீர் ஊரில் 202 ஓடிவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து படிகிற நம் ஊரில் 304-தான் என் சிபாரிசு. காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று கடையில் காட்டுவார்கள், அதை முழுசாக நம்பாதீர்கள், 202-உம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் பளிச்சென்று ஒட்டினால் அது மட்டமான வகை என்று ஒதுக்கலாம், அவ்வளவுதான் காந்தத்தின் வேலை. கிரேடைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கனத்தில் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன் கூடும், 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். தொட்டியின் நடு அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தால் வேண்டாம்.

கப்ளிங்கைச் சிங்க்கோடு சேர்த்தே வாங்கி, கடையிலேயே ஓட்டையில் வைத்துப் பாருங்கள். கூடவே வாங்க வேண்டியவை: பாட்டில் டிராப் அல்லது வேஸ்ட் பைப், டெஃப்லான் டேப், பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிக்கான் ஒரு ட்யூப், இரண்டு புது கனெக்ஷன் ஹோஸ், பழைய ஆங்கிள் காக் மரத்துப் போயிருந்தால் கால் சுற்றில் திறந்து மூடுகிற புது ஆங்கிள் காக். வாஷர்களில் ஒரு செட் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டியிருந்தால் அதற்கு மட்டும் ஆள் வையுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி பக்கமெல்லாம் கிரானைட் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை, வீட்டுக்கே மெஷினோடு வந்து தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டிக் கொடுப்பார்கள். நீங்களே கட்டிங் மெஷினை எடுத்துக் காய்ந்த கல்லில் இறக்காதீர்கள். கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிகோசிஸ் வரும், குவாரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்னொரு விஷயம், சிங்க்குக்கு முன்னால் இருக்கிற கல் பட்டை இரண்டு மூன்று அங்குல அகலம்தான் இருக்கும். முழுக் கல்லிலும் பலவீனமான இடம் அதுதான். அங்கே இன்னும் ஒரு அங்குலம் வெட்டச் சொன்னால் ஒடியும். வெட்டுவதாக இருந்தால் பக்கவாட்டிலோ பின்னாலோ வெட்டச் சொல்லுங்கள்.

வேலை செய்கிற நாளைக்கு முந்தின இரவே குடிக்க, சமைக்கத் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற கேட் வால்வை முன்கூட்டியே திருகிப் பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத வால்வு பாதியில் நின்றுவிடும், பலமாகத் திருகினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். மூடவில்லை என்றால் தொட்டியைக் காலி செய்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், அல்லது கிச்சனுக்குப் போகிற லைனில் புது வால்வு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அது எப்போதும் உதவும்.

இப்போது நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். பல வீடுகளில் சிங்க் மேல் இரண்டு குழாய் இருக்கும், ஒன்று போர் தண்ணீர், இன்னொன்று ஒகேனக்கல் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியும் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள், 2013-இல் தொடங்கி வைத்தார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். அதனால் இந்த இரண்டு லைனையும் ஒரு காரணத்துக்காகவும் சேர்த்துவிடாதீர்கள். கழற்றும்போதே ஒரு ஹோஸில் சிவப்பு டேப், இன்னொன்றில் நீல டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். புதுச் சிங்க்கோடு அழகாக இருக்கிறதே என்று சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீருக்கான ஒற்றை மிக்சர் குழாயை வாங்கி ஒரு பக்கம் போர், ஒரு பக்கம் ஒகேனக்கல் என்று கொடுக்கிறார்கள் சிலர். ரொம்பத் தப்பு. மிக்சரின் உள்ளே இரண்டும் ஒரே அறையில் சேர்கின்றன. வாயை அடைத்தாலோ, உள்ளே வாஷர் தேய்ந்தாலோ, அழுத்தம் அதிகமுள்ள லைன் மற்ற லைனுக்குள் தண்ணீரைத் தள்ளும். மாடித் தொட்டியில் இருக்கிற போர் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் போய்விடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இரண்டு தண்ணீருக்கு இரண்டு தனிக் குழாய், அதுதான் சரி.

ஆர்ஓ மெஷின் இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அதற்குப் போகிற மெல்லிய ட்யூப் ஆங்கிள் காக்கிலிருந்துதான் பிரிந்திருக்கும். பிரிப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கழற்றுவது கீழிருந்து மேலே. டிராப்புக்கு அடியில் வாளி வையுங்கள், உள்ளே நிற்கிற அழுக்குத் தண்ணீர் அப்படியே கொட்டும். வேஸ்ட் பைப்பைப் பிரித்ததும் சுவர் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வரும். அடுத்து கனெக்ஷன் ஹோஸ். இங்கே ஒரு எச்சரிக்கை. சுவருக்குள் சிபிவிசி எல்போவில் (பிளாஸ்டிக் பைப்பின் வளைவு இணைப்பில்) பித்தளை மரை பதித்திருப்பார்கள். ஆங்கிள் காக் உப்பு பிடித்து இறுகியிருக்கும்போது ஒரே ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருகினால், காக் கழல்வதற்குப் பதிலாக அந்தப் பித்தளை மரை எல்போவுக்குள் சுற்றிக்கொள்ளும், அல்லது எல்போவே விரிசல் விடும். அப்புறம் டைல்ஸை உடைக்காமல் வழியில்லை. காக்கைச் சுற்றி வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், உப்பு இளகும். பிறகு ஸ்பேனரைப் போட்டு முதலில் ஒரு மயிரிழை இறுக்குகிற பக்கமும், அடுத்து தளர்த்துகிற பக்கமும், மாறி மாறி மெதுவாக அசையுங்கள். கரகரவென்று உப்பு நொறுங்குகிற சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு கையோடு வரும். வரவே மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பழைய காக்கையே வைத்துக்கொண்டு ஹோஸை மட்டும் மாற்றுங்கள்.

சிங்க் விளிம்பைச் சிலிக்கான் மட்டும் பிடித்திருந்தால் நல்ல பிளேடால் சுற்றிலும் கீறிவிட்டு, கீழிருந்து உள்ளங்கையால் தள்ளினால் எழும்பிவிடும். சிமெண்ட் என்றால் பொறுமை வேண்டும். கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கிற சிமெண்ட்டில் ஹேக்ஸா பிளேடை விட்டு அறுத்துக்கொண்டே வாருங்கள். அசையாத இடத்தில் மட்டும் சின்ன உளியால், கல்லின் பக்கம் சாய்க்காமல் தொட்டியின் பக்கம் சாய்த்துத் தட்டுங்கள். பழைய சிங்க் நசுங்கினால் பரவாயில்லை, எப்படியும் பழைய இரும்புக்குத்தான் போகப் போகிறது. கல் ஒடிந்தால்தான் அழ வேண்டும். கீழிருந்து சுத்தியால் மேல்நோக்கி அடிப்பது மட்டும் கூடவே கூடாது, முன்பட்டை அந்த அடியைத் தாங்காது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பழைய தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி வெட்டும்.

எடுத்ததும் கல்லைச் சுத்தமாகத் தேயுங்கள். பழைய சிமெண்ட் பொருக்கு, எண்ணெய், சோப்பு ஒன்றும் இருக்கக் கூடாது. ஈரம் முழுசாகக் காய வேண்டும், ஈரக் கல்லில் சிலிக்கான் ஒட்டாது. இந்த நேரத்தில் உள்ளே டார்ச் அடித்து மரச்சட்டம், கேபினட் பலகை ஊறிப் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப இந்த மாதிரித் திறந்து பார்க்க வாய்ப்பு எப்போது கிடைக்குமோ.

புதுச் சிங்க்கை முதலில் சும்மா வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் கல்லில் படிகிறதா, ரசமட்டம் வைத்தால் ஓட்டைப் பக்கம் லேசாகச் சாய்கிறதா, குழாய் வாய் தொட்டியின் நடுவுக்கு நேராக வருகிறதா என்று கவனியுங்கள். சரியாக இருந்தால் வெளியே எடுத்து, தரையில் துணி விரித்துக் கவிழ்த்து வைத்து, கப்ளிங்கை அப்போதே மாட்டிவிடுங்கள். கல்லில் பதித்த பிறகு இருட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு மாட்டுவதைவிட இது பத்து மடங்கு சுலபம். மேலிருந்து வருகிற கப்ளிங் வாயின் அடியில் மெல்லிசாகச் சிலிக்கான், தகட்டின் அடிப்பக்கம் ரப்பர் வாஷர், அதற்குக் கீழே பிளாஸ்டிக் வளையம், பிறகு நட்டு. சில கப்ளிங்கில் மேலேயும் ஒரு ரப்பர் வாஷர் கொடுத்திருப்பார்கள், அப்படியானால் மேலே சிலிக்கான் வேண்டாம், வாஷரே போதும். கையால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று. ரப்பர் பிதுங்கி வெளியே வருகிறது என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், தளர்த்துங்கள். பிதுங்கின ரப்பர் சீக்கிரமே வெடித்துவிடும்.

அப்புறம் கல் ஓட்டையின் ஓரத்தில், விளிம்பு உட்காரும் பாதையில், விட்டுப் போகாமல் ஒரே கோடாகச் சிலிக்கான் போட்டு, சிங்க்கை நேராக இறக்கி, சுற்றிலும் அழுத்துங்கள். கிளிப் இருந்தால் கீழிருந்து எதிரெதிர் மூலையாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். வெளியே வழிந்ததைச் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் இழுத்துச் சீர் செய்யுங்கள். தொட்டிக்குள் நாலு செங்கல்லை துணியில் சுற்றிப் பாரமாக வையுங்கள். முழுசாக ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள், பாத்திரம் அன்றைக்கு வெளியே கழுவிக்கொள்ளலாம்.

சிமெண்ட் வைத்தால் இன்னும் பலமாயிற்றே என்று கேட்பார்கள். மேலே இருந்து மாட்டுகிற சிங்க்குக்குச் சிமெண்ட் தேவையே இல்லை, விளிம்பு கல் மேல் தொங்குகிறது, பாரத்தைக் கல் தாங்கிக்கொள்கிறது. கல்லுக்கு அடியில் மாட்டுகிற வகைதான் வேறு கதை. அங்கே பாரம் முழுவதும் கீழே இழுக்கும். உள்ளளவு 22-க்கு 16, ஆழம் 8 அங்குலம் உள்ள தொட்டி நிறைந்தால் கிட்டத்தட்ட 46 லிட்டர், அதாவது 46 கிலோ, பாத்திரம் தனி. சிலிக்கானை மட்டும் நம்பி அதைத் தொங்கவிட முடியாது. இரண்டு பக்கமும் சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு ஆங்கிளோ கடப்பாப் பட்டையோ கொடுத்து, அதன் மேல் சிங்க் விளிம்பு உட்கார வேண்டும். ஆங்கிளுக்குப் பெயிண்ட் அடித்து, சுவரில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றினால் சிங்க் கீழே இறங்கும், கல்லைத் தொட வேண்டியதில்லை.

குழாய் மரையில் டெஃப்லான் டேப்பை, மரை முனை உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்துக்கொண்டு, கடிகார முள் போகிற திசையில் சுற்றுங்கள். எதிர்ப் பக்கம் சுற்றினால் திருகும்போது டேப் உரிந்து சுருண்டுவிடும். நல்லா இழுத்துப் பத்துச் சுற்று போதும். கனெக்ஷன் ஹோஸின் முனையில் ரப்பர் வாஷர் இருக்கிறது, அங்கே டேப் வேண்டாம், கையால் இறுக்கி அரைச் சுற்று ஸ்பேனர். ஹோஸ் முறுக்கிக்கொண்டோ மடிந்தோ நிற்கக் கூடாது. புதுக் குழாயை மாட்டுவதற்கு முன் வால்வைத் திறந்து ஒரு வாளி தண்ணீரை வெறுமனே விடுங்கள், லைனில் இருக்கிற மண்ணும் உப்புச் செதிலும் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் மாட்டினால் குழாய் முனையில் இருக்கிற வலை முதல் நாளே அடைத்துக்கொள்ளும்.

வேஸ்ட் பைப்பில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான், டிராப் வையுங்கள். நம் பக்கத்துத் தனி வீடுகளில் சிங்க் தண்ணீர் பெரும்பாலும் வெளியே ஒரு சேம்பருக்கோ, வாழைக்கோ தென்னைக்கோ நேராகப் போகிறது. அதற்கு எதற்கு டிராப் என்று நெளிநெளியான பைப்பை நேராகச் சுவர் ஓட்டைக்குள் சொருகிவிடுவார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் ராத்திரியில் கரப்பான், சுண்டெலி, சில சமயம் அதைத் தேடி வருகிற பாம்பு வரைக்கும் உள்ளே வருகிறது. டிராப்பில் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நின்றால் நாற்றமும் பூச்சியும் தாண்டாது. அடியில் கையால் திருகித் திறக்கிற கிண்ணம் உள்ள பாட்டில் டிராப் வாங்குங்கள். மாதம் ஒரு முறை திறந்து கொட்டிவிட்டால் அடைப்பு என்ற பேச்சே வராது. டிராப்பிலிருந்து சுவருக்குப் போகிற பைப் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். சுவர் ஓட்டைக்கும் பைப்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைச் சிமெண்ட்டால் அடைக்காதீர்கள், ரப்பர் வளையம் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். வெளி முனைக்கு எலி கடிக்க முடியாத கம்பி வலை.

ஒரு நாள் கழித்துச் சோதனை. கீழே மூட்டுக்கு மூட்டு காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள், தொட்டியை நிரப்புங்கள், கால் மணி நேரம் விட்டு ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கசிவு இருந்தால் இந்த மொத்தத் தண்ணீரும் இறங்கும்போதுதான் காட்டிக் கொடுக்கும், குழாயைத் திறந்துவிட்டு மட்டும் பார்த்தால் தெரியாது. நனைந்த மூட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். அப்படியும் நின்றபாடில்லை என்றால் கழற்றி வாஷரைத் திருப்பிப் போட்டு மாட்டுங்கள். எம்-சீலைத் தேடிப் போகாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள், சுடுதண்ணீர், கஞ்சித் தண்ணீர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நட்டு லேசாகத் தளர்ந்திருக்கும்.

பாத்ரூம் வாஷ் பேசினுக்கும் முறை இதேதான், நாலு வித்தியாசம் உண்டு. அது பீங்கான். அதிகம் இறுக்கினால் பட்டென்று விரிசல் விடும், அதனால் போல்ட் நட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர் கட்டாயம். சுவரில் ராக் போல்ட்டில் தொங்குகிற வகையானால் சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று முதலில் தட்டிப் பாருங்கள். ஹாலோ பிளாக்கில் போல்ட் பிடிக்காது, அந்தக் குழியைக் கான்கிரீட்டால் நிரப்பிக் காய்ந்த பிறகுதான் போல்ட். மேல் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலம் என்பது வழக்கமான உயரம், வீட்டில் உயரமானவர்கள் என்றால் ஒன்றிரண்டு ஏற்றிக்கொள்ளலாம். கப்ளிங் வாங்கும்போது பேசினில் மேலே வழிந்தோடும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கவாட்டில் திறப்பு உள்ள கப்ளிங் வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாக வருகிற தண்ணீர் உள்ளேயே தேங்கும். பழைய பேசினை எடுக்கும்போது ஒருவர் கீழே தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நட்டைக் கழற்ற வேண்டும். உடைந்த பீங்கான் விளிம்பு கையைக் கிழித்துவிடும், குப்பைக்குப் போடும்போதும் சாக்கில் கட்டித்தான் போட வேண்டும்.

புதுச் சிங்க் பளபளப்பாக இருக்க வேண்டுமானால் டாய்லெட்டுக்கு ஊற்றுகிற ஆசிட், பிளீச்சிங் பவுடர் கரைசல் இரண்டையும் கிச்சன் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் இருக்கிற குளோரைடுதான் எவர்சில்வரில் ஊசி ஓட்டை போடுகிறது, 304 ஆனாலும் சரி. உப்புக்கறைக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியோ, சக்கையான புளியோ போதும், தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். ராத்திரி கடைசியாக ஒரு முறை துணியால் துடைத்துவிட்டால் கறை படிவதே பாதியாகக் குறையும், ஏனென்றால் கறை வருவது தண்ணீர் காய்கிறபோதுதான். இரும்புக் கம்பி நார் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்து, சிங்க்கே துருப்பிடித்த மாதிரி காட்டும். ஆங்கிள் காக்கை மாதம் ஒரு தடவை மூடித் திறந்துவிடுங்கள். மிச்சமிருக்கிற வாஷர்களையும் கப்ளிங் பில்லையும் ஒரு கவரில் போட்டு, சிங்க்குக்கு அடியிலேயே ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள்.